எங்கள் காணியின் முதல் மரம்

மல்பெரிப் பழத்தின் சாறு கையில் பட்டால் சவர்க்காரம் போட்டுத் தேய்த்தாலும் லேசில் போகாது. எங்கள் அண்ணி கல்யாணமாகி வந்த புதிதில், அந்த ஊதாக் கறை படிந்த விரல்களோடுதான் காலைப் பெரட்டுக்கு வந்து நின்றார். பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் அந்த இடத்தில் கையை ஒளிக்க முடியுமா? லயத்துப் பெண்கள் பார்த்துவிட்டார்கள். "புதுப்பொண்ணுக்கு மருதாணி இன்னும் அழியலடி" என்று ஒருத்தி ஆரம்பிக்க, கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டும் வரை சிரிப்பு ஓயவில்லை. அண்ணி அசரவில்லை. முந்தானையில் முடிந்து வைத்திருந்த பழங்களை எடுத்து, சிரித்தவர்களின் வாயிலேயே ஆளுக்கு ஒன்றாகப் போட்டுவிட்டார். அன்றைக்கே எனக்கு அவரைப் பிடித்துப்போனது. நாத்தனார்காரி நானே சொல்கிறேன் என்றால் நம்பலாம்.

நோர்வூட்டுக்கு மேலே, பஸ் ரோட்டிலிருந்து பார்த்தால் தெரியாத மலை மடிப்பில் எங்கள் தேயிலைத் தோட்டம் இருக்கிறது. எங்கள் தோட்டம் என்பது பேச்சுக்குத்தான். தாத்தாவின் அப்பா காலத்திலிருந்து அங்கே வேலை செய்தும், ஒரு பிடி மண் எங்கள் பெயரில் இருந்ததில்லை. வரிசையாகக் கட்டிய லயத்தில் நாங்கள் குடியிருந்த ஒற்றை அறைக் காம்பராவும் தோட்டத்துடையது. அதன் பின்பக்கத்தில் தண்ணீர் ஓடும் கான் ஓரம் நின்ற மல்பெரி மரத்தை யாரும் நட்டதாக நினைவில்லை. ஏதோ ஒரு குருவி போட்ட விதையாக இருக்கும். அதுவும் தோட்டத்துக் கணக்குத்தான். வாசலில் ஒரு கொய்யா வைத்தால்கூட, 'வச்சவன் நீ, மரம் அவங்களுது' என்று பெரியவர்கள் சொல்லிவிடுவார்கள். அதனாலேயே எங்கள் ஆட்கள் பூச்செடி வைப்பார்கள், கீரை போடுவார்கள், மரம் மட்டும் வைக்க மாட்டார்கள்.

நானும் அண்ணியும் தேயிலை நர்சரியில் ஒன்றாக வேலை செய்தோம். மலையில் கொழுந்து எடுப்பதைவிட அது நுணுக்கமான வேலை, அந்தக் கர்வம் எங்களுக்கு நிறையவே உண்டு. தேயிலைக் கிளையின் நுனி இளசு, அது ஆகாது. அடி பழுத்து முற்றியது, அதுவும் ஆகாது. நடுவில் உள்ள பச்சைத் தண்டை ஓர் இலையும் இலையின் கக்கத்தில் ஒரு மொட்டுமாக நறுக்கி, மண் நிரப்பிய பையில் ஊன்றி, பொலித்தீன் கூடாரத்துக்குள் மூடி வைக்க வேண்டும். இலைதான் உயிர், இலை விழுந்தால் கன்று போச்சு. அண்ணி ஊன்றிய பாத்தியில் பட்டுப்போன கன்றைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். எங்களை மேய்க்கும் கண்டாக்கையாவே புதிதாக வருகிறவர்களை அவர் பக்கத்தில் உட்கார வைப்பார்.

ஒரு மழைக்காலத்தில் லயத்துக்கு மேலே இருந்த மண்திட்டு வெடித்தது. முதலில் விரல் நுழையும் அளவு, பிறகு கால் நுழையும் அளவு. பார்க்க வந்த அதிகாரிகள் இனி இங்கே யாரும் இருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். எங்கள் நல்ல காலம், அந்த நேரத்தில் தோட்டத்தின் பக்கத்து டிவிசனில் தனி வீட்டுத் திட்டம் நடந்துகொண்டிருந்தது. எங்களுக்குக் கிடைத்தது சின்னக் காணிதான். ஆனால் அண்ணன் பெயரும் அண்ணி பெயரும் போட்ட காணி. அதைப் பார்க்கப் போன அன்று அண்ணன் நாலு மூலையிலும் நடந்து பார்த்தார். அண்ணி நடுவில் குந்தி ஒரு கைப்பிடி மண்ணை எடுத்துப் பிசைந்தார். நர்சரிக்காரியின் பழக்கம், மண்ணைப் பிசையாமல் பேச மாட்டார். "இங்க மொதல்ல ஒரு மரம் வைக்கணுங்க. நம்ம மரம்னு சொல்ல ஒன்னு வேணும்" என்றார். என்ன மரம் என்று அண்ணன் கேட்கவேயில்லை. லயத்தையும் மண்ணோடு மண்ணாக இடிக்கப் போகிறார்கள், மல்பெரியும் அதோடு போய்விடும் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

காசு கொடுத்தால் ஹட்டன் டவுனில் கன்று கிடைக்காதா என்று நான் கேட்டேன். அண்ணி என்னை ஒரு பார்வை பார்த்தார். "வேலைக்குப் போற வழியில பசிக்குப் பழம் குடுத்த மரம்டி அது. அத விட்டுட்டு வெலைக்கு வாங்குவியா?" 

அந்த ஞாயிற்றுக்கிழமை மரத்தில் கைக்கு எட்டிய கொப்பையெல்லாம் வெட்டி இறக்கினோம். நர்சரிப் பெண்கள் இரண்டு மூன்று பேர் தாங்களாகவே கத்தியோடு வந்தார்கள். தேயிலையையே துளிர்க்க வைக்கிற கைகளுக்கு மல்பெரி எம்மாத்திரம் என்ற நினைப்பு எல்லோருக்கும். உட்கார்ந்து, பச்சைத் தண்டை மட்டும் பொறுக்கி எடுத்து, ஓர் இலை ஒரு மொட்டு என்று அழகாக நறுக்கினோம். முற்றிய பழுப்புக் கம்புகளை இலையை உருவிவிட்டு ஒரு பக்கம் வீசினோம். அவை எங்களுக்குச் சுள்ளி, அடுப்பெரிக்க ஆகும். அண்ணனுக்கு வேறு யோசனை. புதுக் காணியில் போஞ்சி போட்டிருந்தார், கொடி ஏற கம்பு வேண்டும் என்று அவற்றைக் கட்டாகக் கட்டித் தோளில் தூக்கிக்கொண்டு போனார்.

நறுக்கிய துண்டுகளைப் பைகளில் ஊன்றி, காம்பராவின் முன்னால் சின்னதாக ஒரு பொலித்தீன் கூடாரம் போட்டார் அண்ணி. காலையிலும் மாலையிலும் பூத்தூறலாகத் தண்ணீர் தெளித்தார். தேயிலை இலை தடித்தது, அந்தப் புழுக்கத்தைத் தாங்கும். மல்பெரி இலை அகலமும் மெல்லிசும். அது முதலில் தொங்கியது, பிறகு கறுத்தது, பிறகு அழுகி நாறத் தொடங்கியது. அண்ணி ஒவ்வொரு பையாகத் தூக்கிப் பார்த்தார். ஒன்றுகூடப் பிழைக்கவில்லை. "வேற கொப்பு வெட்டிக்கலாம் அண்ணி, மரம் எங்கயும் ஓடிறாதே" என்று தேற்றினேன்.

மரம் ஓடவில்லைதான். ஆனால் அடுத்த வாரமே எங்களைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றிவிட்டார்கள். கொஞ்ச நாள் கழித்து அண்ணி கத்தியோடு போனபோது, லயமும் இல்லை, கானும் இல்லை. மெஷின் சமப்படுத்திவிட்டுப் போயிருந்தது. மரம் நின்ற இடம் எது என்றே கண்டுபிடிக்க முடியவில்லை. அண்ணி வீடு மாறும்போது அழவில்லை, பள்ளிக்கூடத் தரையில் படுத்தபோதும் அழவில்லை. அன்றைக்கு வந்து சுவரோரம் உட்கார்ந்து அழுதார். "நர்சரிக்காரின்னு பேரு. ஒரு குச்சிய உண்டாக்கத் தெரியல" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அண்ணன் அண்ணியின் சாப்பாட்டுத் தட்டை நகர்த்தி நகர்த்தி வைத்துக்கொண்டிருந்தார்.

புதுக் காணியில் வீடு கட்டும் வேலை மெதுவாக நடந்தது. அண்ணனும் அண்ணியும் வேலை முடிந்து மாலையில் அங்கே போய், போஞ்சிக்கும் லீக்ஸுக்கும் புல் பிடுங்கிவிட்டு வருவார்கள். ஒருநாள் நானும் போனேன். அண்ணன் போஞ்சி வரிசைக்குள் குனிந்து நின்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார். "இந்தக் கம்பெல்லாம் கண்ட எடத்துல முளைக்குது. போஞ்சிக்கு வெயில் படமாட்டேங்குது." சொல்லிக்கொண்டே ஒரு கம்பின் தலையில் இருந்த துளிரைக் கிள்ளப் போனார்.

அண்ணி குரலை உயர்த்திப் பேசி நான் அதுவரை கேட்டதில்லை. "கைய எடுங்க."

அண்ணன் நெருப்பைத் தொட்டவர்போல் கையை இழுத்துக்கொண்டார். நாங்கள் சுள்ளி என்று வீசிய பழுப்புக் கம்புகள் வரிசையாக மொட்டு வெடித்து நின்றன. அண்ணன் அவசரத்தில் தலைகீழாக ஊன்றியவை மட்டும் காய்ந்து கிடந்தன. எனக்குத் துள்ள வேண்டும்போல் இருந்தது. அண்ணி துள்ளவில்லை. தண்டில் இருக்கும் சத்திலேயே குச்சி துளிர்க்கும், வேர் விட்டிருக்காது, பிறகு ஒரே நாளில் வாடிவிடும். தேயிலையில் பார்த்துப் பார்த்துப் பழகிய ஏமாற்றம் அது. "துளுத்தத நம்பாத புள்ள. வேரு வரட்டும்" என்றார். யாரும் ஆட்டிப் பார்க்கக் கூடாது என்று அண்ணனுக்குக் கண்டிப்பான உத்தரவு. போஞ்சி பறிக்கும்போதுகூட, கம்பு அசையாமல் கொடியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு பறித்தார் பாவம். போஞ்சி காய்த்து ஓய்ந்தது, கொடி பழுத்தது, கம்புகளின் இலை மட்டும் வாடவேயில்லை.

பிறகு ஒரு மழை விட்ட காலையில் அண்ணி ஓரத்துக் கம்பு ஒன்றைச் சுற்றி விரலாலேயே மண்ணைத் தள்ளினார். கத்தி வேண்டாம் என்றார். ஒரு சாண் ஆழத்தில், கம்பின் அடியைச் சுற்றி வெள்ளை வேர் சடைபோல் இறங்கியிருந்தது. அண்ணி அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. மண்ணைத் திரும்ப மூடி, உள்ளங்கையால் அழுத்தி, "இருக்கு" என்றார். அந்த ஒரு சொல்லைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்த்தேனே, அது போதும் எனக்கு.

அதற்குப் பிறகு அவருக்கு யாரும் சொல்லித்தரத் தேவைப்படவில்லை. தேயிலைக்குத் தூக்கி எறிவதுதான் மல்பெரிக்கு வேண்டியது என்று புரிந்துபோயிற்று. பென்சில் தடிமனில் முற்றிய கம்பு, அடியில் சரிவாக வெட்டு, தலையில் நேர் வெட்டு, தலைகீழாகிவிடாமல் இருக்க அதுவே அடையாளம். இலை முழுவதும் உருவிவிட வேண்டும். இரண்டு மொட்டு மண்ணுக்குள், இரண்டு மொட்டு வெளியே. கூடாரமும் கிடையாது, ஒன்றும் கிடையாது. நல்ல கம்பு ஒன்றை வாசல் பக்கம் நட்டு மற்றவற்றைப் பைகளில் எடுத்து, புதிதாகக் குடிவந்த வீடுகளுக்குக் கொடுத்தார். இப்போது அந்தச் சரிவில் மல்பெரி இல்லாத வாசல் ஒன்றுகூட இல்லை. கல்யாணமாகி ஹட்டனுக்கு வந்துவிட்ட என் வீட்டிலும் ஒன்று இருக்கிறது. என் அண்ணி உண்டாக்கியது என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொல்கிறேன். தற்பெருமை என்று நினைத்தால் நினைத்துவிட்டுப் போகட்டும்.

போன மாதம் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். நாங்கள் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது கரண்ட் கம்பி இழுக்கிற ஆட்கள் ரோட்டில் வந்து நின்றார்கள். மல்பெரியின் ஒரு கொப்பு கம்பிக்குப் பக்கத்தில் நீண்டிருந்தது. அவர்களில் ஒரு சிங்களப் பையன் வேலிப் படலையருகே வந்து, "அக்கே, இந்தக் கொப்பு வெட்டணும். யார்கிட்ட கேக்குறது, தோட்டத்து ஒபிஸ்லயா?" என்று கேட்டான்.

அண்ணி கோப்பையைக் கீழே வைத்தார். "ஒபிஸுக்கு எதுக்குத் தம்பி? என்கிட்ட கேளுங்க."

அவன் உடனே மரியாதையாக, "வெட்டலாமா அக்கே?" என்றான்.

அண்ணி சேலையைச் செருகிக்கொண்டு எழுந்து போய், மரத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். அண்ணாந்து பார்த்தார். அவன் கத்தியைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு காத்து நின்றான்.

"இதுல இருந்து இதுவரைக்கும் வெட்டுங்க" என்று விரல் வைத்துக் காட்டினார் அண்ணி. "வெட்டுனத எடுத்துட்டுப் போயிராதீங்க. எனக்கு வேணும்."