மூன்றாவது வரியை நம்ப வேண்டாம்

செவ்வாய்க்கிழமை காலை கடை ஷட்டரைப் பாதி தூக்கியிருந்தேன். தயாளனின் தம்பி போன் செய்தான். "அண்ணே, அண்ணன் பூட்டாருண்ணே" என்றான். மார்வலியாம், செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே முடிந்துவிட்டது. ஷட்டரை இறக்கிவிட்டுக் கிளம்பினேன்.

இறந்தவரை ‘அவர்’ என்றுதான் எழுத வேண்டுமாம். உத்திரமேரூர் பஜாரில் பதினோரு வருடம் ஒரே மேசையின் எதிரெதிர்ப் பக்கம் உட்கார்ந்து என்னோடு கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்தவனை அப்படி எழுத எனக்குக் கை வரவில்லை. அவனை அறிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்கு வாய் நீளம். அவன் கேட்டால்தான் பேசுவான்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் மேரி கடை வைத்திருக்கிறாள். பட்டா நகல், சான்றிதழ், வேலை விண்ணப்பம் எல்லாம் ஆன்லைனில் போட்டுக் கொடுப்பாள். சில வருடங்களுக்கு முன்பு அவளிடம் இருந்தது ஒரே கம்ப்யூட்டர், லினக்ஸில் ஓடுவது. ஒரு சித்திரை மாதம் அது தானாகவே அணைந்து அணைந்து போனது. நான் போய், மதர்போர்டின் சூட்டைக் காட்டும் கட்டளையை அடித்தேன். மூன்று வரிகள் வந்தன: நாற்பத்தொன்பது டிகிரி, முப்பத்தெட்டு, நூற்றிருபத்தேழு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிளக்கைப் பிடுங்கி, "போர்டு வெந்து போச்சும்மா, இனிமே போட்டா தீப்புடிச்சிக்கும்" என்றேன். அதோடு விட்டேனா? பெட்டி மேலேயே மார்க்கரால் ‘போர்டு அவுட்’ என்று எழுதியும் வைத்தேன்.

மேரி அழவில்லை. "இதுவும் போச்சுன்னா நான் மறுபடியும் எங்கம்மாகூட நாத்து நடவுக்குத்தாண்ணே போவணும்" என்றாள். அழுதிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது எனக்கு.

மத்தியானம் தயாளன் வந்தான். பெட்டியைத் திறந்து ஓடவிட்டு, புறங்கையை போர்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோனான்.

"நூத்தியிருவத்தேழுன்னா தண்ணியே கொதிச்சிடும்பா. நான் கைய வெச்சிக்கினு நிக்கிறேன், இன்னா ஆச்சி?"

பிறகு கம்ப்யூட்டருக்கு மூச்சுவிடாமல் வேலை கொடுத்துவிட்டு, எண்களைப் பார்த்துக்கொண்டே இருந்தான். நூற்றிருபத்தேழு அசையவே இல்லை. போர்டில் அந்த மூன்றாவது சென்சாருக்கான இடமே காலியாக இருந்தது. ஒன்றுமில்லாத இடத்தைப் படிக்கச் சொன்னால், தனக்குத் தெரிந்த ஆகப் பெரிய எண்ணைச் சொல்லிவிடுகிறது, சூட்டைப் படிக்கும் சில்லு. ஆனால் சாதுவாக இருந்த முதல் வரி, நாற்பத்தொன்பது, கிடுகிடுவென்று தொண்ணூறைத் தாண்டியது. கம்ப்யூட்டர் அணைந்தது.

"ஏறி எறங்குற நம்பருக்குத்தான் உசுரு கீது. அத்த பாரு" என்றான்.

பிராசசர் மேலிருந்த ஃபேனில் தூசி அப்பிக் கிடந்தது. துடைத்து, சூட்டைக் கடத்தும் பழைய பசையைச் சுரண்டிப் புதுப்பசை தடவினான். அதற்குப் பிறகு எவ்வளவு வேலை கொடுத்தாலும் அறுபத்தைந்துக்கு மேல் போகவில்லை. நான் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றேன். அவன் மேரியிடம், "ஏழுமல சரியான நேரத்துல பிளக்க புடுங்கினாப்ல. இல்லன்னா பேஜாராயிருக்கும்" என்றான். நான் மார்க்கரில் எழுதியதை ஸ்பிரிட் தொட்டு அவனே அழித்தான். அந்தக் கதையை அவன் கடையில் ஒருநாளும் எடுத்ததில்லை. நானாக இருந்தால் பஜார் முழுக்கத் தண்டோரா போட்டிருப்பேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை அவன் வீட்டில், அவனைக் கிடத்தியிருந்த ஐஸ் பெட்டிமேல் ஒரு சின்னத் திரையில் எண் எரிந்துகொண்டிருந்தது. பழக்கதோஷம், கண்ணாடிமேல் புறங்கையை வைத்துப் பார்த்தேன். எண் சரியாகத்தான் இருந்தது. வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு சென்சார் பொய் சொல்லக் கூடாதா என்று ஏங்கினேன்.

காரியம் முடிந்த மறுநாள் மேரி கூப்பிட்டாள். இப்போது அவளிடம் மூன்று கம்ப்யூட்டர்கள். அந்தப் பழையதில் ஃபேன் சத்தம் போடுகிறது என்றாள். பக்கவாட்டு மூடியைக் கழற்றினேன். உள்பக்கம் தயாளன் கையெழுத்தில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. ‘முதல் வரி பிராசசர், இதைப் பார். மூன்றாவது வரியில் சென்சார் இல்லை, நம்ப வேண்டாம்.’ அதற்குக் கீழே, ‘போர்டைக் காப்பாற்றியது: ஏழுமலை.’

மேரி எட்டிப் பார்த்து, "இன்னாண்ணே எழுதிக்கீது?" என்றாள்.

அன்று நடந்ததை, என் உளறலையும் சேர்த்து, அவளிடம் சொல்லி முடித்தேன். கடைசி வரியில் என் பெயரை அடித்து, தயாளன் என்று எழுதி மூடினேன். புறங்கையை வைத்துப் பார்க்கிற பழக்கத்தை மட்டும் நான் வைத்துக்கொள்கிறேன்.