சிங்கப்பூர் ஏற்றம், கோவை இறக்கம்

சிங்கப்பூரில் இருக்கும் மகளைப் பார்க்க நானும் மனைவியும் கோவையிலிருந்து போயிருந்தோம். டிக்கெட்டில் இருந்த நேரங்களைக் கழித்துப் பார்த்தேன். போக ஏழு மணி நேரம். திரும்ப வர இரண்டு மணி நேரம்கூட இல்லை.

"ஏனுங்க, தூரம் ஒண்ணுதானுங்களே?" என்றாள் மனைவி.

"வால்பாறைக்கு ஏறறப்ப பஸ் மொனகிக்கிட்டுப் போகும், எறங்கறப்ப பறக்கும். அப்படித்தான் அம்மணி" என்று விளக்கினேன்.

திரும்பும்போது மாலை ஆறரைக்கு விமானம் கிளம்பியது. எட்டு இருபதுக்குக் கோவையில் இறங்கி இட்லி சாப்பிடலாம் என்ற தைரியத்தில் தின்பண்டங்களைப் பெரிய பெட்டியில் போட்டு அனுப்பியிருந்தேன். சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் போடும் சர்க்கரை மாத்திரையையும் கடமை தவறாமல் விழுங்கினேன்.

என் கைக்கடிகாரத்தில் எட்டு இருபது ஆனது, ஊர் வரவில்லை. ஒன்பது மணிக்குக் கை நடுங்கி, சட்டை வியர்வையில் நனைந்தது. பணிப்பெண்ணைக் கூப்பிட்டு, "கோயமுத்தூர் வந்துருச்சுங்களா?" என்றேன்.

"இன்னும் ரெண்டு மணி நேரம் இருக்குங்க சார். டிக்கெட்ல அந்தந்த ஊர் நேரம்தான் போட்டிருக்கும். சிங்கப்பூர் கடிகாரம் நம்முளுதைவிட ரெண்டரை மணி முன்னால ஓடுமுங்க."

மனைவி கைப்பையிலிருந்து கடலை மிட்டாயை எடுத்து என் வாயில் திணித்தாள். "எறக்கத்துல பிரேக் புடிக்காதுன்னு தெரிஞ்சுதானுங்க வெச்சிருந்தேன்!" இரண்டாவது மிட்டாயில் நடுக்கம் அடங்கியது. பணிப்பெண் கொண்டுவந்த பிரெட்டையும் மிச்சம் வைக்கவில்லை.

இப்போதெல்லாம் பயண நேரம் என்று டிக்கெட்டில் தனியாகப் போட்டிருப்பதைத்தான் பார்க்கிறேன். சாப்பாடு கைக்கெட்டும் தூரத்தில் இல்லாமல் மாத்திரையைத் தொடுவதில்லை. சட்டைப்பையில் மிட்டாய் இல்லாமல் டவுன் பஸ்கூட ஏறுவதில்லை. மிட்டாயோடு ஏறினாலும் மனைவி விடுவதாயில்லை: "ஏனுங்க, இது ஏத்தமுங்களா, எறக்கமுங்களா?"