ரஷ்யக் காட்டில் பனி

எங்கள் விசுவமடுப் பக்கத்து நாடகங்களில் அரசர்கள் எல்லோரும் ரஷ்ய அரண்மனைகளில்தான் ஆண்டார்கள். உச்சியில் வெங்காயம் வைத்த மாதிரிக் கோபுரம் இல்லாவிட்டால் அது அரண்மனையே இல்லை. காரணம், பெரியப்பாவிடம் இருந்த ஒரு படப்புத்தகம். ரஷ்யாவில் ஒரே வீட்டில் தாத்தா, மகன், பேத்தி எல்லோரும் ஓவியர்களாம். நாடகத் திரையும் உடுப்பும்கூட அவர்கள் கைவண்ணமாம். இடம்பெயர்ந்தபோது பெரியப்பா அரிசி மூட்டையை விட்டுவிட்டு அந்தப் புத்தகத்தைத் தூக்கி வந்ததை அம்மா இன்றைக்கும் சொல்லிக்காட்டுவார்.

எங்கள் வீட்டிலும் நாடகத் திரையில் படம் கீறுவது பரம்பரைத் தொழில். கீறுவது ஆண்கள், வர்ணத்துக்குப் பசை காய்ச்சுவது அத்தை. "அந்த ரஷ்ய வீட்டிலை பேத்தியும் கீறுறா. நான் மட்டும் ஏன் பசைச்சட்டியோடை நிக்கோணும்?" என்று அவர் கேட்காத நாள் இல்லை. வாசிகசாலை விழா வந்த வருடம் பெரியப்பாவுக்குக் கை நடுங்கத் தொடங்கியிருந்தது. "சரி, காட்டுத்திரையை நீ கீறு. புத்தகத்திலை கிடக்கிற மாதிரியே கீறோணும்" என்றார்.

அத்தை கொட்டில் கதவைச் சாத்திக்கொண்டு கீறினார். என்னைக்கூட உள்ளே விடவில்லை. எனக்கு வந்த கோபம்!

விழா மாலையில் திரை விரிந்தது. மரங்களின் கொப்பிலும் இலையிலும் ஒரே வெள்ளை. பின்னால் ஒரு பெண் விம்மினார். முன்கதிரையில் இருந்த இராணுவ முகாம் அதிகாரி எழும்பித் திரைக்குக் கிட்டப் போனார். ஒரு படத்துக்காகவும் ஆளைக் கொண்டுபோய் விசாரிக்கிற காலம் அது. மேடையோரத்தில் அத்தை சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு நின்றார்.

"இது என்ன வெள்ளை? யார் கீறினது?" அதிகாரி கொச்சைத் தமிழில் கேட்டார்.

பெரியப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு முன்னுக்குப் போனார். "பனி, ஐயா. ரஷ்யாவிலை கொட்டுற பனி. புத்தகத்தைப் பாத்துக் கீறினது."

அதிகாரி குனிந்து என்னைப் பார்த்தார். "நீ புத்தகம் பார்த்ததா? பனி இருக்கா?"

அந்தப் புத்தகம் எனக்கு மனப்பாடம். அதில் இருக்கிற காட்டுப் படம் பச்சைப்பசேல் என்று இருக்கும். சொல்ல வாயெடுத்தேன். பெரியப்பாவின் நகம் என் உள்ளங்கையில் இறங்கியது.

"ஓம்" என்றேன். "பனிதான்."

அதிகாரி திரையையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு போய்க் கதிரையில் இருந்தார். நாடகம் தொடங்கியது.

வீட்டுக்கு வந்ததும் வெடித்தேன். "அத்தைக்குப் பாத்துக் கீறத் தெரியாது! அந்தக் காடு பச்சை!" பெரியப்பா தன் தூரிகைக் கட்டை எடுத்து வந்து அத்தையின் மடியில் வைத்தார். பிழையாகக் கீறியவருக்குப் பரிசா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

யுத்தத்தின் கடைசி மாதங்களில் நான் கைக்குழந்தை. செல் குண்டு விழுந்த புழுதி படிந்து எங்கள் மரங்கள் எப்படி வெளுத்து நின்றன என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. அப்படி ஒரு மரத்தின் கீழேதான் அத்தை தன் மகனின் உடலை விட்டுவிட்டு வந்தார் என்பதும் தெரியாது.