கறுத்த காது நுனி

எங்கள் வீட்டில் முயல் என்றால் முயல்தான். அதில் இரண்டு வகை உண்டென்று எட்டு வயதில் கண்டுபிடித்து, வீட்டையே குலைத்தவள் நான்.

அப்பா இறந்தபின் மோர்னிங்சைட்டில் ஒரு வீட்டின் நிலத்தடிப் பேஸ்மென்றில் இருந்தோம். அம்மா, நான், நாலு வயதுத் தம்பி. சனிக்கிழமைகளில் அம்மா பிஸ்கற் தொழிற்சாலைக்குப் போனால் பொழுதுபடத்தான் வருவார். "ஆர் தட்டினாலும் திறவாதை. தம்பியைச் சத்தம்போட விடாதை." எங்களைத் தனியே விட்டதற்காக முன்பே ஒருமுறை பிள்ளைகள் நல அதிகாரிகள் வந்து அம்மாவை எச்சரித்திருந்தார்கள், மறுபடி நடந்தால் பிள்ளைகளைக் கொண்டுபோய்விடுவார்களாம். அது எனக்குத் தெரியாது. வெளியில் சொல்லாதே என்று சொல்ல அம்மாவுக்குத் தோன்றவில்லை.

எங்கள் ஒரே யன்னல் புல்மட்டத்தில் இருந்தது. ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை, கண்ணாடிக்கு அப்பால் ஒரு முயல்குட்டி பதுங்கிக் கிடந்தது. உடம்பெல்லாம் மயிர், விழித்த கண். நாள் முழுக்க அசையவில்லை. தாய் செத்துவிட்டதென்று தம்பி அழுதான். பொழுதுபட ஒரு பெரிய முயல் வந்து பால் கொடுத்துவிட்டு உடனே போய்விட்டது. நீண்ட காதுகளின் நுனி மட்டும் கறுப்பு.

திங்கட்கிழமை அதை வரைந்து ஆசிரியையிடம் காட்டினேன். அவர் படப் புத்தகத்தைத் திறந்தார். மற்ற வகை முயலின் குட்டி மயிரில்லாமல், கண் திறக்காமல் பிறக்கும். இது வேறு, ஆங்கிலத்தில் இதற்குப் பெயரே வேறு என்றார். தாய் பக்கத்தில் நின்றால் நரி மோப்பம் பிடித்துவிடுமாம். அதனால்தான் பகலெல்லாம் விலகி நிற்குமாம். மிக நல்ல தாய் என்றார்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. வகுப்பு முழுவதற்கும் கேட்க, எங்கள் அம்மாவும் அப்படித்தான், சனிக்கிழமை எங்களைத் தனியே விட்டுவிட்டுப் பொழுதுபடத்தான் வருவார் என்றேன். ஆசிரியை புத்தகத்தை மூடிவிட்டார்.

புதன்கிழமை பின்னேரம் பிள்ளைகள் நல அலுவலகத்திலிருந்து ஒரு வெள்ளைக்காரப் பெண்ணும், மொழிபெயர்க்க ஒரு தமிழ் அங்கிளும் வந்தார்கள். அம்மா தேநீர் போட்டுக் கொடுத்தார். அவர்கள் குடிக்கவில்லை. தம்பியின் சப்பாத்து நாடாவை அம்மாவே கட்டினார். அவிழ்த்து, திரும்பவும் கட்டினார்.

வாசலில் அம்மா என்னிடம் குனிந்து கேட்டார். "ஆரிட்டைப் பிள்ளை சொன்னனீ?"

"கிளாசில எல்லாரிட்டையும் சொன்னனான். நீங்கள் நல்ல அம்மா எண்டு."

"ஓம்" என்றார் அம்மா. ஏசவில்லை.

எங்கள் இரண்டு பேரையும் ஏற்றிக்கொண்டு கார் புறப்பட்டதும் தம்பி கத்தத் தொடங்கினான். நான் அவன் வாயைப் பொத்தி, அசையாமல் இரு, பொழுதுபட அம்மா வந்துவிடுவார் என்றேன். எனக்கு அதில் சந்தேகமே இருக்கவில்லை.