செத்த அடி

அன்று அறையில் இருந்தவர்கள்: கிரேன் ஓட்டும் அண்ணன், சுவர் ஓரத்து இரும்புக் கட்டிலில், முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு, தூக்கத்தில். லேத் வேலை செய்கிறவன், வார லீவு, அடுப்புப் பக்கம் பூண்டு உரித்துக்கொண்டு. திருவள்ளூரில் கச்சேரிக் குழு நடத்துகிற மாஸ்டர், வாசலில், செருப்பைக் கழற்றாமல். நான், பாயில், மடியில் பேஸ் கிட்டாரோடு.

பங்குனி மாதம். காலை பத்து மணி இருக்கும்.

அறை புதுவாயல் கூட்டு ரோட்டுக்குப் பின்னால், ஒரு பஞ்சர் கடையின் மாடி. மூன்று பேர் வாடகைக்கு இருந்தோம். மூன்று பேருக்கும் வேறு வேறு கம்பெனி. அண்ணனுக்கு இரும்பு உருக்கும் கம்பெனி, இரவு ஷிஃப்ட். எனக்குப் பிளாஸ்டிக் கம்பெனி, மத்தியானம் இரண்டு மணி ஷிஃப்ட். அவர் தூங்குகிற நேரம்தான் நான் அறையில் இருக்கிற நேரம்.

மாஸ்டர் என் வாசிப்பைப் பார்க்க வந்திருந்தார். அவருடைய பேஸ் ஆள் துபாய்க்குப் போய்விட்டான். ஆடி மாதம் பெரியபாளையம் பக்கம் அவருக்கு வரிசையாகக் கச்சேரி. நான் ஸ்லாப் வாசித்துக் காட்டினேன். கட்டை விரல் எலும்பால் தடித்த கம்பியை அடிப்பது, ஆள்காட்டி விரலால் மெல்லிய கம்பியைக் கொக்கி போட்டு இழுத்து விடுவது. எனக்கு நோட்டு எழுதி வாசிக்கத் தெரியாது. காதில் விழுந்ததை வாசிப்பேன்.

மாஸ்டர் மூக்கைச் சொறிந்தார்.

"இன்னாப்பா இது, பல்லு போன வாய் மாரி கீது. அடிக்கும் அடிக்கும் நடுவுல ஒண்ணுமே இல்லியே."

"இன்னா வரணும் மாஸ்டர்?"

"செத்த அடி வரணும். கோஸ்ட் நோட்டு. குடு இப்டி."

வாங்கி, நின்றபடியே காட்டினார். இடது கை விரல்கள் கம்பியின் மேல் சும்மா கிடந்தன. வலது கட்டை விரல் அடித்தது. சுரம் வரவில்லை. 'டக்' என்று மட்டும் வந்தது. சுரம், டக் டக், சுரம், டக். பாட்டு நடக்கிற மாதிரி இருந்தது.

"சொரம் வரக்கூடாது, அடி மட்டும் வரணும். ஆடிக்குள்ள கொண்டா. இல்லாங்காட்டி கீபோர்டுக்காரன் எடது கையால பேஸைப் போட்டுக்குவான். எனக்கு ஒரு ஆளு மிச்சம்."

அடுப்பிலிருந்து லேத்காரன், "சார், கொஞ்சம் மெதுவா. ஒருத்தர் தூங்கினுகீறாரு," என்றான்.

மாஸ்டர் அப்போதுதான் கட்டிலைப் பார்த்தார்.

"உயிரோடதான கீறாரு?"

துண்டுக்குள்ளிருந்து அண்ணன் சொன்னார்: "கீறேன் சார். நீங்க சொல்லிக் குடுங்க."

அண்ணனுக்குப் பழவேற்காடு. ஏரியில் மீன் பிடித்த குடும்பம். படகில் தன் பங்கைத் தம்பிக்கு விட்டுக்கொடுத்துவிட்டு கம்பெனிக்கு வந்தவர். ஆறு வருடம் கான்ட்ராக்ட். ஆடி முடிந்ததும் மூன்று பேரைப் பெர்மனென்ட் ஆக்குவதாகச் சொல்லியிருந்தார்கள். லிஸ்டில் இவர் மூன்றாவது. அதுவரை கிரேனில் ஒரு தப்பும் நடக்கக் கூடாது. பெர்மனென்ட் ஆனால் பெண்டாட்டி, பிள்ளையைக் கூட்டி வந்து இங்கேயே ஊடு எடுத்துவிடுவேன் என்பார். வேறு எதையும் பற்றி அவர் அதிகம் பேசியதில்லை.

மறுநாளிலிருந்து பழக ஆரம்பித்தேன். ஒன்பது மணிக்கு உட்காருவேன். ஒரு மணிக்கு எழுந்து குளித்துவிட்டுக் கம்பெனிக்குப் போவேன். சத்தத்தைப் பெரிதாக்குகிற ஆம்ப் பெட்டி கிடையாது. வெறும் கிட்டார்தான். சத்தம் குறைய, கம்பிக்கு அடியில் கைக்குட்டையை மடித்துச் செருகிக்கொண்டேன். மொட்டை மாடியில் பழகலாம் என்றால் வெயில். ஓனர் அம்மாவும் ஏற விடாது. அதனால் வாசல் பக்கம் திரும்பி, கட்டிலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தேன்.

செத்த அடி லேசில் வரவில்லை. விரலை அழுத்தினால் சுரம் வந்துவிடும். ஒரு விரல் மட்டும் பட்டால் கம்பி விசில் மாதிரிக் கத்தும். மூன்று விரலும் ஈரத்துணி மாதிரிப் படுத்திருக்க வேண்டும். பட்டும் இருக்க வேண்டும், பிடிக்கவும் கூடாது. ஷிஃப்ட் முழுக்க மெஷினில் இறுக்கிப் பிடித்தே பழகிய கை. சும்மா இருக்கச் சொன்னால் இருக்காது.

சித்திரை போனது. கட்டை விரல் ஓரம் தோல் கிழிந்து, காய்ந்து, மறுபடி கிழிந்தது.

ஒரு நாள் அண்ணனிடம் கேட்டேன்.

"அண்ணே, சத்தம் பேஜாரா கீதா?"

"இன்னா சத்தம்? உனுக்கு வர்றதே சத்தம் இல்லாத நோட்டுதானே நைனா."

"இல்லண்ணே, தூக்கம் கெடுதான்னு."

"கம்பெனில கீற சத்தத்துக்கு இதெல்லாம் ஒரு சத்தமா. நீ வாசி."

லேத்காரன் குறுக்கே வந்தான். "மரங்கொத்தி கூடு கட்டுது அண்ணே. ஆடிக்குக் குடி போவப் போறான்."

அண்ணன் சிரித்தார். அவர் கண் சிவந்திருந்தது. உலைக்குப் பக்கத்தில் வேலை செய்கிறவர் கண் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அடி ஒரே சீராக விழுகிறதா என்று பார்க்கப் போனில் பதிவு செய்வேன். நீளமாகப் பதிந்தாலும் முதல் இரண்டு நிமிடம்தான் போட்டுக் கேட்பேன். போன் ஸ்பீக்கரில் என் அடி மட்டும்தான் கேட்கும். போதும் என்று நிறுத்திவிடுவேன்.

ஆனி முதல் வாரம் கை அடங்கியது. சுரம், டக் டக், சுரம், டக். நினைக்காமலே வந்தது.

ஆனி கடைசியில் ஒரு நாள் அண்ணன் ஆறரை மணிக்கு வரவில்லை. ஒன்பதரைக்கு வந்தார். நாஷ்டா வாங்கி வரவில்லை. கட்டிலில் உட்கார்ந்து ஷூவின் கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கேட் பாஸை வாங்கிட்டாங்க," என்றார்.

கிரேனில் இரும்புக் கம்பிக் கட்டு தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது. அவர் கண் மூடியிருக்கிறது. கை லீவரை இறக்கிவிட்டது. கட்டு போய்க் கீழே நின்ற டிராலி மேல் விழுந்தது. ஆளுக்கு அடி இல்லை. டிராலி நசுங்கியது. கேட்டிலேயே கணக்கை முடித்து அனுப்பிவிட்டார்கள்.

"தூக்கம் இல்லியா அண்ணே?" என்றேன்.

"தூங்கினேன். தூங்காம இன்னா. கண்ணு சொல்லாம மூடிக்கிச்சு."

நான் கிட்டாரைச் சுவரில் சாய்த்து வைத்தேன்.

அன்றே கிளம்பினார். ஒரு பை, ஒரு பக்கெட். கட்டில் ஓனருடையது. பழவேற்காட்டில் இனி என்ன வேலை என்று லேத்காரன் கேட்டான்.

"தம்பி படகுல கூலிக்குப் போவணும். என் படகுதான் அது. ஏறச் சொல்ல மாட்டானா இன்னா."

படியில் இறங்கும்போது நின்று என்னைப் பார்த்தார்.

"அது வந்துச்சா உனுக்கு?"

"வந்துச்சுண்ணே."

"அப்ப சரி."

பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பும்போது லேத்காரன் சொன்னான்: "நீ அவராண்ட தூக்கத்தப் பத்தி ஒண்ணும் கேட்டுக்கினு இருக்காத. கேட்டா இல்லன்னுதான் சொல்லுவாரு."



ஆடியில் வாசித்தேன். பெரியபாளையம் பக்கம், ஒரு கிராமத்துக் கூழ் ஊற்றும் திருவிழா. மேடைக்குப் பெரிய ஸ்பீக்கர் வைத்திருந்தார்கள். முதல் பாட்டிலேயே எனக்கு ஒன்று தெரிந்தது. ஸ்பீக்கரில் சுரம் பெரிதாக வந்தது. செத்த அடி அதற்கு அடியில் சின்னதாக, இருக்கிறதா இல்லையா என்று கேட்டது. ஆம்ப் இல்லாத அறையில் அது தலைகீழ். அங்கே சுரம் யாருக்கும் கேட்காது. கம்பி போய்க் கட்டையில் மோதுகிற அந்த அடிதான் கேட்கும். நான்கு மாதம், அவர் தலைமாட்டுக்கு ஆறடி தூரத்தில், அதை மட்டும்தான் வாசித்திருக்கிறேன்.

மாஸ்டர் பாட்டு நடுவில் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். இறங்கியதும், "பல்லு முளைச்சிடுச்சு," என்றார். அடுத்த கச்சேரிக்கும் வரச் சொன்னார். போகிறேன்.

ஆவணியில் போனில் இடம் இல்லை என்று வந்தது. பழைய பதிவுகளை அழிக்க உட்கார்ந்தேன். லேத்காரன் தன் ஹெட்போனை வைத்துவிட்டுப் போயிருந்தான். வைகாசியில் பதிந்தது ஒன்று, ஐம்பது நிமிடம். அழிக்கும் முன் ஹெட்போனில் கேட்டேன்.

என் அடி கேட்டது. அதற்குப் பின்னால் மின்விசிறி. அதற்கும் பின்னால் கட்டில். கிறீச் என்று ஒரு தடவை. கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு தடவை. ஓர் இடத்தில் அவர் எழுந்து தண்ணீர் குடிக்கிறார். சொம்பைக் கீழே வைக்கிறார். அது தரையில் படுகிற சத்தம் வரக்கூடாது என்று பார்த்துப் பார்த்து வைக்கிறார். மறுபடி படுக்கிறார். அன்று நான் எதையும் பார்க்கவில்லை. வாசல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தேன்.

முதலிலிருந்து போட்டேன். என் அடியை விட்டுவிட்டு, அவர் புரண்டதை மட்டும் எண்ணினேன்.

இருபத்து மூன்று.