பஞ்சு என்று நினைத்தது

ஆஸ்பத்திரியில் குறைமாதக் குழந்தைகள் அறையிலிருந்து சலவைக்கு வரும் துணிகள் கைக்குட்டை அளவுதான் இருக்கும். எந்த அறைத் துணி என்று தெரிவதற்காக ஒவ்வொன்றிலும் ஒரு கெட்டிப் பட்டை தைத்திருப்பார்கள். என் நாத்தனார் அவற்றை மடிக்கும்போது கன்னத்தில் ஒருமுறை வைத்துப் பார்ப்பாள். பட்டை உறுத்தினால் தையலைப் பிரித்து, வெளிப்பக்கமாகத் திருப்பித் தைத்துவிடுவாள். யாரும் சொல்லி அவள் அதைச் செய்யவில்லை. பக்கத்தில் நின்று வேலை செய்த எனக்கே வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. கேட்டதற்கு, "என்னையும் ஒரு காலத்துல இப்படித்தான அண்ணி சுத்தி வெச்சிருந்தாங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த துணியை எடுத்தாள்.

அவள் ஏழு மாதம் நிரம்புவதற்குள் பிறந்தவள். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் காப்பாற்றினார்களாம். அதனால் வீட்டில் அவளுக்கு 'அவசரம்' என்று பட்டப்பெயர். ஆனால் அவளைப் போல நிதானமாக நடப்பவரை நான் பார்த்ததில்லை. "அவசரம் கிளம்பிட்டா, நாளைக்குள்ள வந்துடுவா" என்று அவளுடைய அண்ணன், அதாவது என் வீட்டுக்காரர், கேலி செய்வார்.

"வயித்துல இருந்து வரும்போது காட்டின வேகம் போதும்ண்ணா" என்பாள்.

நிதானத்துக்குக் காரணம் கண். இடது கண்ணில் வெளிச்சமும் இருட்டும் தெரியும், அவ்வளவுதான். வலது கண்ணுக்குத் தடித்த கண்ணாடி. சின்ன வயதில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்க் காட்டியிருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் சேர்த்த பிறகு, பிள்ளைதான் வளர்ந்துவிட்டதே என்று அது நின்றுபோனது. கடையில் கண்ணாடி மாற்றிக்கொள்வதோடு சரி. நாங்கள் அதை ஒரு வியாதியாக நினைத்ததே இல்லை.

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் மடிக்கும் மேசையின் இடது கோடிதான் அவள் இடம். அங்கே நின்றால் நாங்கள் எல்லாரும் அவளுக்கு வலது பக்கம் இருப்போம். இடது பக்கமாக யாராவது தள்ளுவண்டியைக் கொண்டுவந்தால், "அவசரம், வண்டி!" என்று குரல் கொடுக்க வேண்டும். புதிதாக வந்தவர்கள்கூடச் சீக்கிரமே பழகிக்கொள்வார்கள்.

"ராணி வர்றதுக்குக்கூட இப்படிக் கூவ மாட்டாங்கப்பா" என்று சிரிப்பாள்.

அங்கே எப்போதும் பஞ்சு பறக்கும். துணி காயவைக்கும் டிரம்மைத் திறந்தால் தலையில், புருவத்தில், குடிக்கிற டீயில்கூட வந்து விழும். முகத்துக்கு முன்னால் கையை வீசி விலக்கிக்கொண்டே வேலை செய்வோம். அந்த மழைக்காலத்தில் அவள் வழக்கத்தைவிட அதிகமாகக் கையை வீசினாள். கண்ணாடியைக் கழற்றிக் கழற்றித் துடைத்தாள்.

"டிரம்ல பஞ்சுத் தட்டு நிரம்பி வழியுது போல. இன்னிக்கு யாரு சுத்தம் பண்ணது?" என்று சத்தம் போட்டாள்.

சூப்பர்வைசர் தட்டை இழுத்துக் காட்டினார். சுத்தமாக இருந்தது. "அப்ப ஜன்னல் வழியா வருது" என்றாள். நாங்களும் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினோம். வேறு வேலையில் இருப்பவர்கள் முதல் நாளே பயந்திருப்பார்கள். எங்களுக்குப் பஞ்சு என்ன புதிதா?

விடுமுறை நாள் ஒன்றில் நான் சாமி கும்பிட்டுவிட்டுச் சமையலறைக்குள் வந்தேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நடுவில் கையை வீசி எதையோ விலக்கினாள்.

"என்னடி விரட்டற?"

"பஞ்சு அண்ணி."

"வீட்ல ஏதுடி பஞ்சு?"

வீசிய கை அப்படியே நின்றது. கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தாள். "கழட்டினாலும் பறக்குது அண்ணி. மின்னல் வேற அடிக்கடி வெட்டுது. மழைக்காலம்தானேன்னு இருந்துட்டேன். இன்னிக்கு மூக்குப் பக்கமா கறுப்பா ஏதோ மறைக்குது."

அவளுக்கு இருப்பதே அந்த ஒரு கண்.

கண் டாக்டரம்மா சொட்டு மருந்து விட்டு நெடுநேரம் பார்த்தார். பிறகு அவர் கேட்ட முதல் கேள்வி, "நீங்க குறைமாசத்துல பிறந்தவங்களா?" என்பதுதான்.

என் வீட்டுக்காரருக்குக் கோபம் வந்துவிட்டது. "அது எந்தக் காலத்துக் கதை! அதை எதுக்கு இப்பக் கேக்கறீங்க?"

டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். "கண்ணுக்குள்ள பின்னாடி ஒரு மெல்லிய திரை இருக்கு. அதுலதான் பார்க்கறதெல்லாம் பதியும். அதோட ரத்தக் குழாய்ங்க கடைசி மாசங்கள்லதான் முழுசா வளரும். முன்னாடியே பிறந்துட்டா தாறுமாறா வளர்ந்து தழும்பாயிடலாம். அந்தத் தழும்பு வருஷக்கணக்கா திரையை இழுத்துக்கிட்டே இருக்கும். பெரியவங்க ஆனப்புறம்கூடத் திரை கிழியலாம். அதனாலதான் வாழ்நாள் பூரா காட்டிக்கிட்டே இருக்கணும். யாரும் சொல்லலையா?"

யாரும் சொல்லவில்லை. கேட்க வேண்டும் என்று எங்களுக்கும் தோன்றவில்லை.

திரையின் நடுப்பகுதி இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது, உடனே ஆபரேஷன் செய்தால் காப்பாற்றப் பார்க்கலாம், ஆனால் உறுதி சொல்ல முடியாது என்றார்.

ஆபரேஷனுக்கு உள்ளே கூட்டிப்போகும் முன், "அண்ணி, வலது பக்கமா வாங்க. மூஞ்சியை ஒருதடவ பார்த்து வெச்சுக்கறேன்" என்றாள்.

"உளறாதடி" என்றேன். ஆனால் வந்து நின்றேன். அவள் பார்த்து முடிக்கும்வரை அசையவில்லை.

திரையை அழுத்தி ஒட்டவைப்பதற்காகக் கண்ணுக்குள் காற்றுக் குமிழி வைத்திருந்ததால், அது கரையும்வரை அவள் குப்புறப் படுத்தே கிடக்க வேண்டியிருந்தது. நான் தரையில் உட்கார்ந்து ஊட்டுவேன். எனக்கு அதிகம் படிப்பில்லை. மனப்பாடமாகத் தெரிந்த பிரார்த்தனைகள் எல்லாம் தீர்ந்துபோய், கடவுளிடம் சொந்த வார்த்தையில் கெஞ்ச ஆரம்பித்திருந்தேன்.

"முணுமுணுக்காம சத்தமா சொல்லுங்க அண்ணி, அவருக்கும் கேக்கட்டும்" என்றாள் தலையணைக்குள்ளிருந்து.

ஒருநாள் என் வீட்டுக்காரர் அவள் முகத்துக்கு நேர் கீழே பாயைப் போட்டு மல்லாந்து படுத்துக்கொண்டார். அத்தனை பெரிய உடம்பு கட்டிலுக்கடியில் பாதி, வெளியே பாதி.

"அவசரம், என்ன தெரியுது?"

"தண்ணிக்குள்ள எருமை படுத்திருக்கற மாதிரி தெரியுதுண்ணா."

"பார்வை வந்துடுச்சு!" என்று கத்தினார். கத்தியவர் எழுந்திருக்காமல் அங்கேயே படுத்து அழுதார்.

பழைய அளவுக்குப் பார்வை வரவில்லை. ஓரங்கள் மங்கல்தான். ஆனாலும் மேசையின் இடது கோடிக்கே அவள் திரும்பிவந்தாள். பட்டைகளைத் தைக்க நான் ஊசியில் நூல் கோத்துக் கொடுப்பேன். மிச்சத்தை விரலாலேயே பார்த்துக்கொள்வாள். பஞ்சு பறக்கும்போது மட்டும் நான் அவள் முகத்தையே கவனிப்பேன். அவள் கை உயர்ந்தால் என் உயிர் போய் உயிர் வரும்.

பிறகு என் வீட்டுக்காரருக்கு வேறு ஊரில் வேலை அமைந்தது. வருடா வருடம் கண்ணைக் காட்டுவேன் என்று அவளிடம் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் கிளம்பினேன். போனில் பேசிக்கொள்கிறோம். நேரில் பார்த்தது கிளம்பிய அன்று பஸ் நிலையத்தில்தான் கடைசி.

வேலையிலிருந்து நேராக வந்திருந்தோம். நான் சொல்லாமலே அவளுடைய வலது பக்கம் போய் நின்றேன். என் முகத்தை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். திடீரென்று அவள் கை உயர்ந்தது. அந்தக் கை என் தோளுக்கு வந்து, வெள்ளையாக எதையோ கிள்ளி எடுத்து, என் உள்ளங்கையில் வைத்தது.

"பயந்துட்டீங்களா அண்ணி? இது நெஜப் பஞ்சு."