கால் தொங்கப் போட்டு உட்காரவைத்தவர்

ரதீஷின் அழைப்பு வந்தபோது நான் பாறசாலைச் சந்தைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். "ஜெசிந்தாக்கா போயாச்சு சாரே" என்றார். நான் வாய் திறக்கும் முன்பே அடுத்ததையும் கேட்டுவிட்டார். "நான் பிந்திப் போனேனா?"

ஜெசிந்தாவை அறிந்தவர்களுக்கு இந்தக் கேள்வியின் பாரம் புரியும். நெய்யாற்றின்கரைப் பக்கத்து மருத்துவமனையொன்றில், தீவிர சிகிச்சைப் பிரிவின் பிசியோதெரபிஸ்ட் அவர். செயற்கை மூச்சுக்குழாயோடு கிடப்பவர்களையும் உரிய நேரத்தில் எழுப்பி உட்காரவைப்பதுதான் அவர் வேலை. ரதீஷ் அவரோடு பல வருடம் சேர்ந்து வேலை பார்த்தவர். கடைசியில் ஜெசிந்தாவே அங்கே நோயாளியாகக் கிடந்தார். அவரை எழுப்பலாமா என்று தினமும் பார்க்க வேண்டியவர் ரதீஷ். எழுப்ப முடியாமலே போயிற்று.

அதற்கு முன்பொரு முறை நிமோனியா முற்றி நானும் அங்கே கிடந்திருக்கிறேன். நோயாளியை அசையாமல் படுக்கவிடுவதுதான் அன்பு என்று எங்கள் வீட்டில் எல்லோரும் நம்பினோம். கோடை விடுமுறை முடிந்து வரும் பிள்ளைகளின் கையெழுத்தைப் பார்த்த ஆசிரியனான எனக்காவது தெரிந்திருக்க வேண்டும். பேனா பிடிக்காத கைக்கு எழுத்து வழுக்கிப் போகும். படுக்கையில் கிடக்கும் உடம்போ அதைவிட வேகமாக நடையை மறக்கிறது.

ஒரு காலையில் ஜெசிந்தாவும் நர்ஸுகளும் என்னைத் தூக்கிக் கட்டிலின் ஓரத்தில் உட்காரவைத்தார்கள். எங்கள் குடும்பத்தில் இறந்தவரை உட்காரவைத்துத்தான் அடக்கம் செய்வோம். கண்ணாடிக்கு வெளியே நின்றிருந்த என் அக்கா அலறினாள். "அய்யோ, எனக்க தம்பிய இருத்தீட்டாளுவளே!" காய்ச்சல் மயக்கத்தில் நானும் அப்படித்தான் நினைத்தேன். மண் விழும் சத்தத்துக்காகக் காத்திருந்தேன்.

ஜெசிந்தா கதவைத் திறந்து தலையை நீட்டினார். "கரையாண்டாம் அக்கா, அழாதீங்க. செத்தவங்கள நீங்க சம்மணம் போட்டுல்லா இருத்துவீங்க? இவரு காலத் தொங்கப் போட்டு இருக்காரு, நோக்குங்க!" அக்கா அழுகையை நிறுத்தி என் கால்களையே பார்த்துக்கொண்டு நின்றாளாம்.

வீடு திரும்பிய பிறகு, சரியான நேரம் எது என்று அவரிடம் கேட்டேன். "முந்தினா நெஞ்சு தாங்காது, பிந்தினா காலு தாங்காது சாரே. அதுக்காக்கும் தெனமும் காலையில போய் நோக்கது" என்றார்.

காரோடு கிராமத்தில், அவருடைய சபைக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் முடிந்தது. ரதீஷ் மதிலோரம் தனியே நின்றார். "இனி அந்த வார்டுக்கு நான் போகல்ல சாரே. ஒரு நாளு முந்தி எழுப்பியிருந்தா அக்கா பிழைச்சிருப்பாங்களோன்னு ராத்திரியெல்லாம் மனசு கேக்குது."

யாரிடமும் சொல்லாத ஒன்றை அவரிடம் சொன்னேன். என்னை உட்காரவைத்ததற்கு முந்தின காலையிலும் ஜெசிந்தா வந்தார். தோளுக்கடியில் கை கொடுத்து என்னைச் சற்றே உயர்த்தினார். கிணற்றுக்குள்ளிருந்து மேலே வருவது போல இருந்தது. அவர் சட்டைக் கையை இறுகப் பற்றினேன். அவர் மானிட்டர் திரையைப் பார்த்தார். "இன்னைக்கு வேண்டாம் சாரே. பிரஷர் தாங்காது. நாளைக்கு வாறேன்." என்னை மெல்லப் படுக்கையில் இறக்கினார். கைவிட்டுவிட்டார் என்று அன்று முழுக்க அவரை வெறுத்தேன்.

ரதீஷ் தலை நிமிரவில்லை. "உங்களுக்கு நாளைக்குன்னு ஒண்ணு வந்துது சாரே. அக்காவுக்கு வரல்ல."

"தினமும் போய்ப் பார்த்தீர்களா?" என்று மட்டும் கேட்டேன்.

"ஒரு நாளும் முடக்கல்ல. தலைப்பக்கம் கொஞ்சம் உயர்த்தினாலே பிரஷர் விழுந்துரும். ஒருக்கா அக்கா கண்ணத் தொறந்து என்னையே பாத்தாங்க. 'நாளைக்கு வாறேன்'னு நானும் சொன்னேன்."



அடுத்த வாரம் ரதீஷ் வேலைக்குத் திரும்பினார். முதல் காலையிலேயே அதியன்னூர்க்காரர் ஒருவரை, பிரஷர் தாங்காது என்று எழுப்பாமல் விட்டுவிட்டு வந்ததாகப் போனில் சொன்னார். "நாளைக்கும் போய் நோக்கணும் சாரே" என்றார்.

ஜெசிந்தா எழுப்பி நடக்கவைத்தவர்களைப் பற்றி ஊரே பேசுகிறது. நான் வைத்திருப்பது, என்னைத் திரும்பப் படுக்கவைத்த அந்தக் கையை. சில காலைகளில் அதன் அழுத்தம் தோளுக்கடியில் இருக்க உறக்கம் கலைகிறது. கண்ணைத் திறந்தால் அந்தக் கை இல்லாமல் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.